பொதி எதுவரை? வன்னிப் பயணிக்கு முன்னுள்ள இரண்டு விமான நிலையங்கள்

வவுனியாவிலிருந்து வெளிநாட்டுப் பயணம் புறப்படுபவருக்கும், வெளிநாட்டிலிருந்து வவுனியாவுக்கு வருபவருக்கும் இன்று இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. தெற்கே ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தொலைவில் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையமும், வடக்கே ஏ-9 வீதி வழியாக ஏறத்தாழ 155 கிலோமீற்றர் தொலைவில் பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமும் உள்ளன. வவுனியா நகரை ஒட்டியே ஓர் ஓடுபாதை இருந்தாலும் அது விமானப்படையினருக்குரியது என்பதால் இந்தக் கணக்கில் சேராது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பலாலி இன்னும் கிட்டியது. இவற்றுள் எதைத் தெரிவது என்ற கேள்விக்கு வன்னிக் குடும்பங்கள் வழக்கமாகப் பயணச்சீட்டின் விலையையும் வான் பிடிக்கும் செலவையும் கூட்டிப் பார்த்தே விடை காண்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போவதும், பயணத்தின் நடுவழியில் வந்து முகத்தில் அறைவதும் பயணப்பொதி பற்றிய கேள்விதான்: பொதி எந்த விமான நிலையத்தில் ஒப்படைக்கப்படுகிறது, எந்த விமான நிலையம்வரை பொறுப்பேற்கப்படுகிறது?

விமானப் பயணத்தில் பொதி இருவகைப்படும். பயணி தம்முடன் இருக்கைக்குக் கொண்டு செல்வது கைப்பொதி. கருமபீடத்தில் நிறுத்துப் பார்த்து, பட்டி ஒட்டி, விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றுவதற்காக விமான சேவையிடம் ஒப்படைப்பது பதிவுசெய்த பொதி. அந்தப் பட்டியில் பத்து இலக்க எண்ணும், கோட்டுக் குறியீடும், பயணி இறங்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியும் அச்சாகியிருக்கும். கொழும்புக்கு சி.எம்.பி., சென்னைக்கு எம்.ஏ.ஏ., யாழ்ப்பாணத்துக்கு ஜே.ஏ.எஃப். என்பவை அந்தக் குறிகள். பொதியை ஏற்றி இறக்கும் தொழிலாளியும், அதைப் பிரித்தனுப்பும் இயந்திரமும் பயணியின் பெயரையோ முகத்தையோ அறிவதில்லை. அந்த மூன்றெழுத்தையும் எண்ணையும் மட்டுமே அறிகின்றன. ஆகவே பட்டியில் என்ன அச்சாகிறதோ அதுவே பொதியின் விதி. அந்த விதி கருமபீடத்தில் எழுதப்படுவதாகத் தோன்றினாலும், உண்மையில் பயணச்சீட்டு வாங்கிய நாளிலேயே அது பெரும்பாலும் எழுதப்பட்டு விடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல முனையும் செய்தி.

பலாலியின் கதை

பலாலி புதிய விமான நிலையம் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையால் அமைக்கப்பட்ட அந்த ஓடுபாதையில்தான், 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் சேவை, இரத்மலானையிலிருந்து மதராசுக்குச் செல்லும் வழியில், தரித்துச் சென்றது. சுதந்திரம் பெறுவதற்கும் முன்பே வடக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வான்வழி இருந்தது என்பதும், பின்னர் போர் அதை மூடிவிட்டது என்பதும் இன்றைய இளைய தலைமுறை அதிகம் அறியாத செய்திகள். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் நின்றுபோன அது 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, 2025இல் திருச்சியையும் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சேவைகளில் ஈடுபடுபவை ஏ.டி.ஆர். 72 என்ற வகையைச் சேர்ந்த, சுழலித் தகடுகளால் இயங்கும் சிறு விமானங்கள். எழுபது எண்பது பேருக்குமேல் அவற்றில் இடமில்லை. பொதிக் கூடமும் அந்த அளவுக்கே சிறியது. பெரிய ஜெட் விமானம் வந்திறங்கப் பலாலியின் ஓடுபாதை நீளம் போதாது என்பதே இந்தத் தெரிவின் காரணம். ஓடுபாதை குட்டையாக இருந்தால், விமானம் ஓடி மேலெழும்பும் தூரத்துக்குள் அடங்கும்படி மொத்த நிறையைக் குறைக்க வேண்டியிருக்கும். வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் இந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகும். ஆட்களைக் குறைத்தால் வருமானம் போகும், எரிபொருளைக் குறைப்பதற்கும் எல்லையுண்டு, எஞ்சுவது பொதிதான். பெரிய விமானத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடினால் கண்டும் காணாமல் விடும் கருமபீடம், இத்தகைய சிறு விமானத்தில் கறாராக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். அதைக் கருமபீடத்தில் நிற்கும் பிள்ளையின் கெடுபிடி என்று எண்ணுவது நியாயமாகாது.

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா?

ரொறன்ரோவிலிருந்து தோஹா வழியாகக் கட்டுநாயக்கவுக்கு ஒரே பயணச்சீட்டில் வரும் ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய பொதி ரொறன்ரோவிலேயே சி.எம்.பி. என்ற குறியுடன் பட்டியிடப்படும். தோஹாவில் அது ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவதைப் பயணி காணவும் வேண்டியதில்லை. இது முடிவிடம்வரை பொதியை அனுப்பும் முறை எனப்படும். இரண்டு வெவ்வேறு விமான சேவைகள் சேர்ந்திருந்தாலும், அவற்றுக்கிடையே ஒன்றின் பயணியையும் பொதியையும் மற்றது ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை இருந்து, இரண்டு பறப்புகளும் ஒரே சீட்டில் எழுதப்பட்டிருந்தால் இதே முறை பொருந்தும். அத்துடன், ஒரே சீட்டில் பொதுவாக ஒரே பொதி விதியே பயணம் முழுவதற்கும் செல்லும்: கனடாவிலிருந்து வரும் பல சீட்டுகளில் தலா 23 கிலோ நிறையுள்ள இரண்டு பொதிகள் அனுமதிக்கப்படுகின்றன என்றால், அந்த அனுமதி கடைசி விமானம்வரை நீடிக்கும்.

இனி அதே பயணி, கட்டுநாயக்கவிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வாகனத்தில் இருப்பதைத் தவிர்க்க எண்ணி, ரொறன்ரோவிலிருந்து சென்னைவரை ஒரு சீட்டையும் சென்னையிலிருந்து பலாலிவரை வேறொரு சீட்டையும் தனித்தனியே வாங்கியிருப்பதாகக் கொள்வோம். நிலப்படத்தில் இது அழகான வழி. சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலான பறப்பு ஒன்றரை மணிக்கும் குறைவானது. ஆனால் முதற் சீட்டை விற்ற நிறுவனத்துக்கு இரண்டாஞ் சீட்டு இருப்பதே தெரியாது. அதன் கணக்கில் பயணம் சென்னையில் முடிகிறது. பொதியின் பட்டியிலும் எம்.ஏ.ஏ. என்றே இருக்கும். பயணி சென்னையில் குடிவரவுச் சோதனையைக் கடந்து, பட்டையில் சுற்றி வரும் பொதியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, மறுபடியும் புறப்பாட்டுப் பகுதிக்குள் நுழைந்து, பலாலி விமானத்துக்குரிய கருமபீடத்தில் புதிதாக ஒப்படைக்க வேண்டும். குடிவரவைக் கடப்பதற்கு இந்திய விசா கட்டாயம். இலங்கைக் கடவுச்சீட்டானாலும் கனடா, பிரித்தானிய, சுவிஸ் கடவுச்சீட்டானாலும் இதில் விலக்கில்லை. விமானம் மாறத்தானே போகிறோம், விசா எதற்கு என்று கேட்கும் பயணி, தம் பொதி தம்மை இந்திய மண்ணுக்குள் இழுத்துச் செல்லும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. விசா இல்லாதவரை முதல் விமான நிலையத்திலேயே ஏற்ற மறுக்கவும் கூடும்.

நிறைக் கணக்கு அடுத்த இடி. இரண்டு பொதிகளாக 46 கிலோ கொண்டுவந்தவர், சென்னையில் தம் இரண்டாஞ் சீட்டுக்குரிய அனுமதியை மட்டுமே கோர முடியும். மீதிக்குக் கிலோ வீதம் மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும், அதுவும் அன்றைய விமானத்தில் நிறைக்கு இடமிருந்தால்தான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், அதற்கு எவரும் பொறுப்பல்லர். ஒரே சீட்டில் இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடும் கடமை விமான சேவைக்கு உண்டு. தனித்தனிச் சீட்டில் அந்தக் கடமை இல்லை. மலிவாகத் தெரிந்த சீட்டு ஓர் இரவு விடுதிச் செலவோடும் புதிய சீட்டின் விலையோடும் கட்டுநாயக்க வழியைவிட விலை கூடியதாக முடிவது இப்படித்தான்.

வேறு சில நாடுகளின் விதிகளும் இதில் குறுக்கிடும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பொதியை எடுத்துச் சுங்கம் கடந்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்பது பொதுவிதி. பட்டியில் கடைசி ஊரின் பெயர் இருந்தாலும் இது மாறாது.

ஆளில்லாப் பொதி

பொதி போகும் இடத்துக்கே பயணியும் போக வேண்டும் என்று விமான சேவைகள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கின்றன என்பதற்கு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நம்மவரின் இரத்தத்தால் எழுதப்பட்டது. 1984 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்புக்குச் செல்லும் எயார் லங்கா விமானத்துக்கென ஒப்படைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள், கொழும்பிலிருந்து மேலும் ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்களுக்கு மாற்றப்படும்படி பட்டியிடப்பட்டிருந்தன. அவற்றை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவில்லை. உரியவர் இல்லாத பெட்டிகள் இறக்கி வைக்கப்பட்ட நிலையில் அங்கேயே வெடித்தன. மாண்ட 33 பேரில் பெரும்பாலோர் இலங்கையர்.

அடுத்த ஆண்டே உலகம் அதைவிடப் பெரிய பாடத்தைக் கற்றது. 1985 ஜூன் மாதத்தில் கனடாவின் வன்கூவர் விமான நிலையத்தில் ஒருவர், ரொறன்ரோவிலிருந்து அப்பால் செல்லும் எயார் இந்தியா விமானத்தில் தமக்கு இருக்கை உறுதியாகாத நிலையிலும், தம் பெட்டியை இறுதி இடம்வரை அனுப்பும்படி கருமபீடத்தில் வற்புறுத்தினார். வரிசை நீண்டிருந்த அந்த வேளையில் ஊழியர் இசைந்தார். பெட்டி போனது, ஆள் போகவில்லை. ஜூன் 23ஆம் திகதி அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் கடலுக்கு மேலே அந்த விமானம் வெடித்துச் சிதறியதில் 329 பேர் மாண்டனர். அதே நாளில், அதே வன்கூவரில் ஒப்படைக்கப்பட்ட இன்னொரு பெட்டி ஜப்பானின் நரித்தா விமான நிலையத்தில் விமானம் மாற்றப்படும்போது வெடித்து, பொதி ஏற்றும் தொழிலாளர் இருவரின் உயிரைக் குடித்தது. 1988 டிசம்பர் 21ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின்மேல் பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கிலும், உடன்செல்ல ஆளில்லாமல் விமானம் மாற்றி அனுப்பப்பட்ட ஒரு பெட்டியே பேசப்பட்டது.

பயணியையும் பொதியையும் பொருத்திப் பார்க்கும் இன்றைய விதி இவற்றிலிருந்தே உறுதிப்பட்டது. ஒப்படைத்தவர் ஏறாவிட்டால், விமானம் புறப்படும் நிலையில் இருந்தாலும் அவருடைய பொதியைத் தேடி இறக்க வேண்டும். இன்னொருவரின் பெட்டியைத் தம் பெயரில் ஒப்படைக்கச் சம்மதிப்பவர் எத்தகைய பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்கிறார் என்பதும் இங்கே விளங்கும். ஊரிலிருந்து வெளிநாடு செல்லும் ஒருவரிடம் அயலாரும் உறவினரும் ஆளுக்கொரு பார்சல் கொடுத்துவிடும் வழக்கம் அன்பினால் விளைந்தது என்றாலும், உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொள்வது தகாது.

வன்னி மக்களுக்குப் பொதிச் சோதனை என்பது விமான நிலையத்தில் கற்ற பாடமன்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் ஏ-9 வீதி திறந்தபோது, வடக்கே செல்பவர் ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பொதியை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டி, சூனியப் பிரதேசத்தைக் கடந்து, அப்பால் விடுதலைப் புலிகளின் சாவடியில் மறுபடியும் அவிழ்த்துக் காட்டி வரியும் செலுத்த வேண்டியிருந்தது. 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டபின் அந்த வழியும் இல்லாமற் போயிற்று. போர் முடிந்து சில ஆண்டுகள்வரை ஓமந்தைச் சாவடி நீடித்தது. ஒரே பயணத்தில் ஒரு பொதியை இரண்டு ஆட்சிகளிடம் இரண்டு தடவை ஒப்படைத்த மக்களுக்கு, சென்னையில் எடுத்து மீண்டும் ஒப்படைப்பது பெரிய காரியமாகத் தோன்றாமற் போவதில் வியப்பில்லை. ஆயினும் பழகிப்போன சிரமம் என்பதால் அதைத் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை.

தொலைந்தால் யாரைக் கேட்பது?

விமான நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா அமைப்பின் அறிக்கைப்படி, 2023இல் உலகளவில் ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பொதிகள் தாமதித்தோ தொலைந்தோ சேதமடைந்தோ போயின. தாமதித்தவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவை விமானம் மாறும் இடத்தில் தவறியவை. எனவே விமானம் மாறும் இடங்கள் எவ்வளவு குறைவோ, மாறுவதற்கான நேரம் எவ்வளவு தாராளமோ, பொதி அவ்வளவுக்குப் பத்திரமாக வந்து சேரும்.

பொதி தவறினால் இழப்பீடு பெறும் உரிமையை 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை வகுக்கிறது. அதன்படி ஒரு பயணிக்குரிய இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள். சிறப்பு எடுப்பு உரிமை என்பது சர்வதேச நாணய நிதியம் சில நாடுகளின் நாணயங்களைச் சேர்த்துக் கணிக்கும் ஓர் அலகு, மேற்படி தொகை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலருக்குச் சமம். இது பெட்டி ஒன்றுக்கன்று, ஆள் ஒருவருக்கு. கலியாண வீட்டுக்கு வருபவர் கூறைச்சேலையைப் பெட்டியில் வைக்கலாம். தாலிக்கொடியை வைக்கக் கூடாது என்பதற்கு இந்த வரம்பே போதிய காரணம். சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பொதி கைக்கு வந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாட்களாகியும் வராத பொதி தொலைந்ததாகக் கருதப்படும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

சீட்டின் தன்மை இங்கேயும் வந்து நிற்கிறது. ஒரே ஒப்பந்தத்தின் கீழ் பல நிறுவனங்கள் ஏற்றிச் சென்றிருந்தால், பயணி முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், பொதி யாருடைய கையில் இருந்தபோது தவறியதோ அவரையும் கேட்கலாம். அவர்கள் தம்முள் கணக்குத் தீர்த்துக்கொள்வர். தனித்தனிச் சீட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு மட்டுமே பதில் சொல்லும். பெட்டி எங்கே உடைந்தது என்று நிறுவும் சுமை பயணியின் தலையில் விழும். கட்டுநாயக்கவில் பொதி வராவிட்டால் சுங்கக் கூடத்தை விட்டு வெளியேறுமுன் கடைசி விமான சேவையின் பொதிப் பிரிவில் எழுத்து அறிக்கை ஒன்றைப் பதிந்து அதன் இலக்கத்தைப் பெற வேண்டும். வெளியே வான் காத்திருக்கிறது, பிறகு தொலைபேசியில் சொல்லலாம் என்று வவுனியாவுக்குத் திரும்பியவருக்கு அந்த அறிக்கையைப் பின்னர் எழுதுவிப்பது பெரும்பாடு. பொதி சுங்கம் கடந்தே வெளியே வரும் என்பதால், அதை வீட்டுக்கு அனுப்புவார்களா, மறுபடியும் 230 கிலோமீற்றர் சென்று எடுக்க வேண்டுமா என்பதையும் அந்த நேரத்திலேயே கேட்டுக்கொள்வது நன்று.

பெட்டிக்குள் போகும் பொருள்களைப் பற்றி இரண்டு சொற்கள் போதும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க், உதிரி லித்தியம் மின்கலங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்த பொதியில் வைக்கக் கூடாது, கைப்பொதியில்தான் வைக்க வேண்டும். முல்லைத்தீவுக் காட்டுத் தேனை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு ஆள் ஒருவர் 2 கிலோவரை கொண்டு செல்லலாம். இறைச்சிக்கும் பாற்பொருள்களுக்கும் அங்கே இடமில்லை. ஒரு தனிப்பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டத் தயாராக இருந்தாலும் பெரும்பாலான கருமபீடங்கள் ஏற்பதில்லை; அதைத் தூக்குபவர் ஒரு தொழிலாளி என்பதே காரணம்.

இன்றைய நிலையில் தெரிவு இப்படித்தான் அமைய முடியும். தமிழ்நாட்டுக்கு மருத்துவத்துக்கோ, கோயிலுக்கோ, கலியாணச் சேலை எடுக்கவோ சிறு பெட்டியுடன் போய்த் திரும்பும் வன்னிப் பயணிக்குப் பலாலியே உகந்தது. வழியும் களைப்பும் மிச்சம். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கனத்த பெட்டிகளோடும் முதியோர், குழந்தைகளோடும் வருபவருக்கு, வீதிப் பயணம் நீண்டதென்றாலும், ஒரே சீட்டில் கட்டுநாயக்கவே உகந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் பயணமுகவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது ஒரே சீட்டா, பொதி ஜே.ஏ.எஃப்.வரை பட்டியிடப்படுமா? ஆம் என்ற பதில் எழுத்தில் வந்தால் பலாலி வழியை நம்பலாம். வாய்ச்சொல்லாக வந்தால் நம்ப வேண்டாம்.

பலாலியின் ஓடுபாதையை நீட்டுவது பற்றிப் பல தடவை பேசப்படுகிறது. அது கோடிக்கணக்கில் பணம் கேட்கும் வேலை. நெடுந்தூர விமான சேவைகளுக்கும் பலாலிக்குப் பறப்பவற்றுக்கும் இடையே பொதி உடன்படிக்கைகளை விரிவாக்கி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் யாழ்ப்பாணக் குறியுடனே பொதி பட்டியிடப்படச் செய்வதற்கு அவ்வளவு பணமும் காலமும் தேவையில்லை. விமான நிலைய அதிகாரிகளும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் முதலில் கையிலெடுக்க வேண்டியது அதுவே. அதுவரை, பொதியை ஒப்படைத்ததும் கையில் தரப்படும் துண்டுச்சீட்டை வாசிக்காமல் எவரும் கருமபீடத்தை விட்டு நகர வேண்டாம். அதில் அச்சாகியிருக்கும் கடைசி மூன்றெழுத்து இறங்க வேண்டிய ஊருடையதாக இல்லாவிட்டால், பெட்டி பட்டையில் ஏறி உள்ளே போகுமுன் அங்கேயே கேட்டுவிடுங்கள்.